முடிச்சுக்குள் இருந்த சிவப்பு

அவளுடைய வலது கைப் பெருவிரல் நகம் மட்டும் நீளமாக இருக்கும். மற்ற ஒன்பதும் களை வெட்டியே தேய்ந்திருக்கும். இந்த ஒன்றை மட்டும் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தாள். கையில் எது கிடைத்தாலும் அந்த நகத்தால் பிளந்து உள்ளே பார்க்காமல் விடமாட்டாள். வேப்பங்கொட்டை, முருங்கைக் காம்பு, பால் பிடிக்காத மல்லாட்டைப் பிஞ்சு, வரப்பில் செத்துக் கிடக்கும் வண்டு, எதுவானாலும் சரி. பிளந்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பாள்.

"இது எதுல இருந்து ஆச்சு?"

எங்கள் கொல்லை ஆள்களில் பழையவள் அஞ்சலை. அவளுக்கு இது பொறுக்காது. "உன்ன எதுல இருந்து செஞ்சாங்கன்னு முதல்ல கேட்டு வாடி. களை வெட்ட வந்தவ களைக்கு ஆபரேசன் பண்ணிக்கினு கீறா பாரு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த காம்பைப் பிளப்பாள்.

அவளுக்குப் பெயர் இருந்தது. நான் அவளை 'ஏமே' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு வயது பெரியவள். காலனிக்காரி என்பதால் எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தெரிந்ததில்லை. வாழ்நாளில் ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிடாதவளின் பெயரை இப்போது சொல்லிக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் ஊர் கிளியனூர் பக்கம். செம்மண் பூமி. என் வீட்டுக்காரர் போன பிறகு இருபது வருஷமாக நிலத்தை நான்தான் பார்க்கிறேன். மழை பொய்த்த வருஷத்திலும் என் கொல்லையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காய்த்திருக்கிறது. வண்டியில் போகிறவர்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அவள் திண்டிவனத்தில் ஒரு ஸ்கூலில் பதினைந்து வருஷம் ஆயா வேலை பார்த்தவள். சயின்ஸ் பசங்கள் சோதனை செய்து பார்க்கிற ரூமில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, தரை துடைப்பது. காலை பஸ்சில் போவாள், சாயங்கால பஸ்சில் வருவாள். லீவு நாளில் எங்கள் கொல்லைக்கு வேலைக்கு வருவாள். ஒருநாள் ஸ்கூல் வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து நின்றாள்.

"ஓடைப் பக்கம் அரைக் காணி கோரை மண்டிப்போய் கெடக்குதேம்மா. அத எனக்கு வாரத்துக்கு உடுங்க. விளைஞ்சதுல பாதி உங்களுக்கு."

"நல்ல வேலைய விட்டுட்டு உனக்கு ஏண்டி இந்தப் பேஜாரு?"

"எங்கம்மா அடுத்தவங்க கொல்லையில நட்டாங்க, அறுத்தாங்க. அவங்கம்மாவும் அப்படியே. நானும் அப்படியே. எங்க வூட்ல ஒருத்தரும் ஒரு போகம் தன் பயிருன்னு எடுத்ததில்லம்மா. நான் ஒன்னு எடுத்துப் பாக்கணும். ஒன்னே ஒன்னு."

விட்டேன். கோரையை எடுக்க எனக்கும் ஆள் வேண்டியிருந்தது.

அந்தக் கோரையை அவள் ஒருத்தியாகவே எடுத்தாள். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம், வரப்பில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் சற்றுத் தள்ளி, மேட்டில். அவள் ஒரு மல்லாட்டைக் கொட்டையைப் பிளந்து, உள்ளங்கையில் தேய்த்து, அந்தப் பளபளப்பை எனக்குக் காட்டினாள்.

"இந்த மண்ணப் புழிஞ்சா எண்ணெ வருமாம்மா?"

"பைத்தியமா உனக்கு?"

"வராதில்ல. தண்ணியப் புழிஞ்சாலும் வராது. காத்துலயும் எண்ணெ கெடையாது. இந்தக் கொட்டைக்குள்ள மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

"சாமி குடுக்குது."

"குடுக்கட்டும்மா. யாரு கையால குடுக்குது? அதச் சொல்லுங்க."

அவளே சொன்னாள். இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் இருக்கிறதாம். வேர் தண்ணீரை அனுப்புகிறது, இலை காற்றை இழுக்கிறது, வெயில் விழுகிறது. மூன்றையும் வைத்து அந்த அறைக்குள் சர்க்கரை உண்டாகிறது. அடுப்பு கிடையாது, சட்டி கிடையாது. அதுதான் முதல் சாமான். அதை வைத்துத்தான் மற்றது எல்லாம்.

"கரும்பு அத அப்படியே சேத்து வெச்சிக்குது. கேப்பை அத மாவாக் கட்டுது. மல்லாட்டை எண்ணெயாக் கட்டுது. செங்கல்லு ஒன்னுதாம்மா. ஒருத்தன் வூடு கட்டுறான், ஒருத்தன் கோயில் கட்டுறான்."

"எத்தினாவது படிச்சேடி நீ?" என்று கேட்டேன்.

"எட்டாவதும்மா. ஆனா பன்னெண்டாவது பாடத்தப் பதினஞ்சு வாட்டி கேட்டேன். பசங்க மாறுவாங்க, டீச்சரு மாறுவாங்க, பாடம் மாறல. பரீட்சையிலதான் என்னிய உக்கார வெக்கல."

அஞ்சலைக்குச் சிரிப்பில் புரையேறியது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கூழ்ச் சட்டியைத் தூக்கிக் காட்டி மேலே சொன்னாள்.

"இந்தக் கூழுதான் எனக்கு நகமா ஆவுது, முடியா ஆவுது, ரத்தமா ஆவுது. கூழு உள்ள போனதும் பிரிச்சுப் போட்டுட்டு, உடம்பு தனக்கு வேணுங்கிறதக் கட்டிக்குது. உங்களுக்கும் அப்படித்தாம்மா. நீங்க சாப்புடுற நெல்லுச் சோறும் தண்ணி, காத்து, வெயிலுதான். நானும் அதுதான், நீங்களும் அதுதான். வேற எங்கனா இருந்தா உங்களுக்கு சாமான் வந்துச்சு?"

மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. சோறு எப்படிச் சதையாகிறது என்ற ஆச்சரியத்தில் சொன்னாள். ஆனால் வரப்பில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பேச்சு உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

விதைக்கிற சமயம் வந்தது. ஆறிப்போன அரிசிக் கஞ்சியில் கறுப்பாக ஒரு பொடியைக் கரைத்து, மல்லாட்டை விதைப் பருப்பை அதில் புரட்டிக்கொண்டிருந்தாள். விவசாய ஆபீசில் வாங்கிய பொட்டலமாம்.

"மனுசாளுக்கே கஞ்சி இல்லாத வூட்ல விதைக்குக் கஞ்சியா?" என்றேன். பத்துப் பேர் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

அவள் முகம் மாறவில்லை. "பசை மாதிரி ஒட்டணும்மா. இந்தப் பொடியில உசுரு கீது. அத்தன சின்ன உசுரு. அது வேர்ல போயி வூடு கட்டிக்கும். காத்துல கீற தழைச்சத்தப் புடிச்சு செடிக்குக் குடுக்கும், செடி அதுக்கு சர்க்கரை குடுக்கும். யூரியாவே வாணாம்" என்றாள். பிறகு புரட்டிய விதையைச் சாக்கில் பரப்பி, வேப்ப மர நிழலுக்கு இழுத்துப் போட்டாள். வெயில் பட்டால் அந்த உயிர் செத்துவிடுமாம்.

நான் என் நிலத்துக்கு யூரியா போட்டேன். கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன்.

நாற்பது நாள் ஆயிற்று. செடிக்கு மண் அணைக்கிற நேரம். ஒருநாள் காலையில் வரப்பில் நடந்து வந்தவள் ஓடைப் பக்கம் நின்றுவிட்டேன். அவளுடைய அரைக் காணி கரும்பச்சையாக நின்றது. யூரியா போட்ட என்னுடையதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. உண்மையைச் சொன்னால் அவளுடையது ஒரு பிடி கூடுதலாகவே தழைத்திருந்தது. வயிறு எரிந்தது. ஏன் என்று தெரியாமலே குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினேன்.

வேர் முழுக்க முடிச்சு. கடுகு போலவும் மிளகு போலவும் உருண்டை உருண்டையாக.

அதற்கு முன் ஒரு வருஷம் நான் கத்திரி போட்டிருந்தேன். நன்றாக இருந்த செடி வாடிப்போய்ப் பிடுங்கிப் பார்த்தால், வேர் இப்படித்தான் முண்டும் முடிச்சுமாக இருந்தது. மண்ணில் புழு விழுந்த நோய் என்றார்கள். அந்தக் கத்திரி முழுக்கப் போயிற்று. ஓடி வந்து என் மல்லாட்டையில் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. தேடிப் பார்த்தாலும் ஒன்றிரண்டு முடிச்சுகூட இல்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இரண்டு செடியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். பத்துப் பேரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். அவளும் வந்தாள்.

"பாருங்கடி. இது என்னுது, இது இவளுது. நோவக் கொண்டாந்து என் மண்ணுல வெதைச்சிக்கிறா. பொட்டலத்துல வாங்கியாந்து கஞ்சி ஊத்தி வளத்துக்கிறா!"

"ஐயோ, நோவு இல்லம்மா, இதத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்..."

"வாய மூடு. கத்திரிக்கு வந்தது இதே முடிச்சுதான்."

அவள் என் கையிலிருந்த செடியை மெதுவாக வாங்கினாள். விரலால் ஒரு முடிச்சைத் தள்ளினாள். மணி உதிர்வது போல அது தனியாக வந்துவிட்டது. "கத்திரி முடிச்சு இப்படிக் கழண்டு வருமாம்மா? அது வேரே வீங்கிப்போறது. இது வேர் மேல ஒட்டிக்கினு கீது" என்றாள். பிறகு அந்த நகத்தால் அதைப் பிளந்தாள். என் முகத்துக்கு நேராகப் பெருவிரலை நீட்டினாள்.

உள்ளே சிவப்பு. இளஞ்சிவப்பு இல்லை, நல்ல சிவப்பு. குழந்தையின் ஈறு போல.

"நம்ம ரத்தத்துல கீற மாதிரியே ஒரு சாயம்மா இது. உசுரோட வேலை செஞ்சா இப்படிச் செவக்கும். நோவுன்னா செவக்குமா?"

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கத்திரி முடிச்சை அன்றைக்கு நானும் அரிவாளால் வெட்டிப் பார்த்தவள்தான். அது வெளுத்து, சொதசொதவென்று இருந்தது. இது அது இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான். ஆனால் எது அழுகல், எது உயிர் என்று பார்க்க எனக்குப் படிப்பு தேவையில்லை.

பத்துப் பேர் நிற்கிறார்கள். அவள் விரல் என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. நானும் அதுதான் நீங்களும் அதுதான் என்று சொன்ன அதே வாய் எதிரில் நிற்கிறது.

"கைய எடு" என்றேன். "நாளைக்குக் காலையில டிராக்டர் வரும். பரவுறதுக்குள்ள ஓட்டிடணும்."

அவள் கெஞ்சினாள். அதற்கு முன் அவள் எதற்கும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "ரெண்டு மாசம் பொறுங்கம்மா. காய் புடிக்கட்டும். ஆபீசுல இருந்து யாரையாச்சும் கூட்டியாந்து காட்டுறேன். அவங்க நோவுன்னு சொல்லிட்டா நானே புடுங்கிப் போடுறேன்."

பொறுத்திருந்தால் யாராவது வந்து நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுவார்களே. அதனால்தான் டிராக்டரை மறுநாளே வரச் சொன்னேன்.

டிராக்டர் ஓட்டும்போது வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூ விட ஆரம்பித்திருந்தது. மஞ்சள் பூவும் பச்சையும் மண்ணுமாகப் புரண்டது. சாபம் விடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிராக்டர் நின்ற பிறகு என்னிடம் வந்தாள்.

"உங்க மண்ணுக்கு நல்லதுதாம்மா. அது சேத்து வெச்சது எல்லாம் உள்ள போயிடுச்சு, வீணாவாது. என் போகம்தான் போச்சு."

போய்விட்டாள். வேறு இடத்தில் வாரத்துக்குக் கேட்டாளாம். நோவு கொண்டு வந்தவள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் நிலம் கொடுக்கவில்லை. நான் போய் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை, நான் வயலில் கத்தியது ஊருக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த பட்டத்தில் அந்த அரைக் காணியில் கேப்பை விதைத்தேன். அப்படி ஒரு கேப்பையை நான் கண்டதில்லை. கதிர் ஒவ்வொன்றும் குழந்தை கை மூடியது போல இருந்தது. விவசாய ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். "என்னம்மா உரம் போட்டீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் என் கைராசிதான்" என்றேன்.

அஞ்சலை பக்கத்தில்தான் நின்றாள். தலையைத் தூக்கவில்லை.

அந்தப் பெண் அதோடு போகவில்லை. பக்கத்தில் இருந்த என் மல்லாட்டையில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். "வேர்ல முடிச்சே இல்லையேம்மா? யூரியா ரொம்பப் போடுவீங்களா? கைக்கு எட்டுற எடத்துல உரம் கொட்டிக் கெடந்தா வேர் எதுக்கு முடிச்சு கட்டப் போவுது? முடிச்சு இருக்கணும்மா, அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். சுத்தமான வெள்ளை வேர் என்று நான் பத்துப் பேருக்குத் தூக்கிக் காட்டினேனே, அதுதான் குறை.

பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சோறு இறங்கியது. தூக்கமும் வந்தது. ஆனால் ஓடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

கண்ணுக்குப் பார்க்க விழுப்புரம் போயிருந்தபோது, அவள் அங்கே ஒரு ஸ்கூலில் மறுபடியும் ஆயா வேலையில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மத்தியானம். குழாயடியில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கம்மா. கண்ணுல கட்டா? ஆபரேசனா?"

"சின்னதுதான். நீ எப்படிக் கீற?"

"கீறேன்."

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அங்கே போனேன். வாயில் வந்தது வேறு. "அந்த அரைக் காணி சும்மாதான் கெடக்குது. ஓணும்னா வந்து வெதைச்சிக்க" என்றேன். தர்மம் போடுகிற மாதிரி.

அவள் குழாயை மூடினாள். "அது நோவு இல்லன்னு அந்தப் பத்துப் பேருகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?"

நான் கண் கட்டைத் தொட்டுச் சரிசெய்துகொண்டேன்.

"சொல்லுங்க. அப்புறம் நெலத்தப் பேசலாம்" என்றாள். கோபமே இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டாள்.

ஊர் வந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாற்று விடட்டும், களை எடுக்கட்டும் என்று இருந்தேன். ஒருமுறை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்துவிட்டேன். "குழம்புல உப்பு சரியா கீதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

போன தையில்தான் சொன்னேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மல்லாட்டைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் உட்காராமல் வரப்பில் அவர்களோடு போய் உட்கார்ந்தேன். "அவ பயிருல இருந்தது நோவு இல்லடி. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டுனேன்" என்றேன்.

யாரும் மெல்லுவதை நிறுத்தவில்லை. அஞ்சலைதான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"எங்களுக்கும் அன்னிக்கே தெரியும்மா. நாங்களுந்தானே செவப்பப் பாத்தோம்."

"அப்பறம் ஏண்டி ஒருத்திகூட வாயத் தொறக்கல?"

"உங்ககிட்ட யாரும்மா சொல்லுவாங்க?" என்றாள். ஏளனமாகச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

இத்தனை வருஷம் எந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேனோ, அது அங்கே ஒருத்தரிடமும் இருக்கவில்லை. இருந்தது பயம்தான்.

"அவளுக்குச் சொல்லணும்" என்றேன். "நெலத்த வந்து எடுத்துக்கச் சொல்லணும்."

"அவங்க இப்ப விழுப்புரத்துல இல்லியேம்மா. பொண்ணு வூடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அங்க யாரோ கால் காணி வாரத்துக்கு உட்டுக்கிறாங்களாம். இருங்க, போன் போடுறேன்."

எச்சில் கையை வரப்புப் புல்லில் துடைத்துவிட்டு, மடியிலிருந்த போனை எடுத்தாள். "அக்கா, நான்தான். அம்மா சொல்லிட்டாங்க. ஆமா, எங்க எல்லாரு முன்னாலயும்தான். ஆங். நெலத்தயும் வந்து எடுத்துக்கச் சொல்றாங்க." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருமுறை சிரித்தாள். நான் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேச வேண்டும் என்று இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது.

அஞ்சலை போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"வெச்சிட்டாங்கம்மா. அவங்க பயிருக்கு மண் அணைச்சிக்கினு கீறாங்களாம். இன்னும் நாலு சால் கீதாம், பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணுமாம்."